கடலுக்கடியில் மேக்ரோ படம்: கோலாலம்பூரில் இருந்துகொண்டு எப்படிப் பழகுவது

டைவிங் லைசன்ஸ் கைக்கு வந்த மறுவாரமே நம்மாட்கள் பலர் கேமரா விலை பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை), இறால், குட்டி நண்டு மாதிரியான சின்னஞ்சிறு உயிர்களை மிக நெருக்கத்தில் படமெடுக்கப் போகிறீர்கள் என்றால், அதாவது மேக்ரோ எடுக்கப் போகிறீர்கள் என்றால், காசும் நேரமும் முதலில் போக வேண்டிய இடம் கேமரா இல்லை, உங்கள் பாயன்சி, அதாவது தண்ணீரில் மூழ்காமலும் எழும்பாமலும் மிதந்து நிற்கிற திறமை. ஒரு சாண் தூரத்தில் அந்த உயிர் இருக்க, கீழே பவளத்தில் உரசாமல், மேலேயும் எழும்பாமல், ஒரு நிமிடம் அப்படியே நிற்க முடிந்தால் பழைய கேமராவிலும் நல்ல படம் வரும். நிற்க முடியாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய செட்டாக இருந்தாலும் மங்கலாகத்தான் வரும், அதோடு கீழே இருக்கிற பவளமும் உடையும்.

அதனால் முதல் இருபது முப்பது டைவ் கேமரா இல்லாமலேயே போங்கள் என்றுதான் சொல்வேன். அந்த டைவ்களில் முதலில் இடுப்பில் கட்டுகிற ஈய எடையைச் சரிசெய்யுங்கள். புதியவர்கள் இறங்கச் சிரமப்படக் கூடாது என்று பல இடங்களில் இரண்டு கிலோ கூடவே கட்டிவிடுவார்கள். அந்தக் கூடுதல் எடையை ஈடுகட்ட பிசிடியில் (காற்று ஏற்றி இறக்குகிற டைவிங் ஜாக்கெட்) காற்று ஏற்ற வேண்டியிருக்கும், அந்தக் காற்று நீங்கள் கொஞ்சம் ஏறினால் விரியும், கொஞ்சம் இறங்கினால் சுருங்கும், உங்களை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருக்கும். டைவ் முடிகிற நேரத்தில், டேங்கில் 50 பார் இருக்கும்போது, பிசிடியைக் காலி செய்துவிட்டு 5 மீட்டரில் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். மூழ்கினால் அடுத்த டைவில் ஒரு கிலோவைக் கழற்றிவிடலாம். மேலே ஏறும் முன் அந்த 5 மீட்டரில் நிற்கிற மூன்று நிமிட சேஃப்டி ஸ்டாப் இருக்கிறதே, பலரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா தொங்குவார்கள். கயிற்றை விட்டுவிட்டு, ஆழம் மாறாமல், காலை ஆட்டாமல், மூச்சை வைத்தே நின்று பாருங்கள். மேக்ரோவுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை, செலவும் இல்லை.

கூடவே ஃபிராக் கிக்கும் (தவளை மாதிரி காலை உதைப்பது) பழகிக்கொள்ளுங்கள், பின்னால் போகிற கிக்கும் வேண்டும். பின்னால் போவது கஷ்டம்தான், ஆனால் மேக்ரோவில் முன்னால் போவதைவிட அதுதான் அதிகம் உதவும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கோலாலம்பூரில் கடல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். டைவ் கடைகள் புதியவர்களுக்கு வகுப்பு நடத்துகிற நீச்சல் குளத்தில் இடம் கேட்டு, தரையில் ஒரு பத்து சென் காசைப் போடுங்கள். அதன் விட்டம் 18.8 மில்லிமீட்டர், பிக்மி கடற்குதிரையின் முழு நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். காசில் இருக்கிற எண் ஃபிரேமை நிறைக்கும் வரை நெருங்கி, தரையைத் தொடாமல், நாலு படம் தொடர்ந்து தெளிவாக எடுங்கள். அது வந்துவிட்டால் கடலுக்குத் தயார். வீட்டிலும் பழகலாம்: ஒரு செம்பருத்திப் பூவை மேசையில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் அதன் நுனியில் இருக்கிற மகரந்தப் புள்ளிகளில் ஒன்றே ஒன்று மட்டும் ஃபோகஸில் வருகிற மாதிரி எடுத்துப் பாருங்கள். பினாங்கில் இருப்பவர்களுக்கு தெலுக் பஹாங்கில் எண்டோப்பியா வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, ஓடுகிற உயிரின் கண்ணைப் பிடிக்கப் பழக நல்ல இடம். ஹவுசிங்குக்குள் (தண்ணீர் புகாத கேமராப் பெட்டி) கேமராவைப் போட்டுக்கொண்டே பழகுவது இன்னும் நல்லது, எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று விரல் தேடாமல் போக வேண்டும்.

நம் கடலுக்கு மேக்ரோ ஏன் பொருந்துகிறது

தண்ணீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்கும். ஐந்து மீட்டர் இறங்கினாலே சிவப்பு பெரும்பாலும் போய்விடும், பத்து பதினைந்தில் எல்லாம் நீலமும் பச்சையுமாகத்தான் தெரியும். தூரத்தில் இருக்கிற பொருளைப் படமெடுத்தால் இடையில் இருக்கிற தண்ணீர் முழுக்க, அதில் மிதக்கிற தூசி முழுக்க, படத்துக்குள் வந்துவிடும். மேக்ரோவில் லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையே பத்து சென்டிமீட்டர் தண்ணீர்தான், விளக்கும் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் நிறம் அப்படியே கிடைக்கும். விசிபிலிட்டி ஐந்து மீட்டர்தான் என்று படகில் எல்லோரும் முகம் சுளிக்கிற நாளில்கூட உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வார இறுதிக்கு மட்டும் கிளம்புகிற, நாள் பார்த்துப் போக முடியாத கோலாலம்பூர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயம்.

எங்கே போவது? கோலாலம்பூரின் டிபிஎஸ் பஸ் நிலையத்தில் இரவு பஸ் ஏறினால் விடிகாலையில் கோலா பெசுட், அங்கிருந்து படகில் பெர்ஹெந்தியான். தெற்கே மெர்சிங் வழியாகப் போனால் தியோமான், அங்கே தெக்கெக் எதிரில் இருக்கிற ரெங்கிஸ் தீவு சின்னது, ஆழமும் குறைவு, பழக வசதி. கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று, பெரும்பாலும் எல்லாம் மூடியிருக்கும், மார்ச்சுக்கு அப்புறம்தான் கணக்கு. பினாங்குக்குப் பக்கத்தில் கெடாவின் பாயார் தீவு இருக்கிறது, தண்ணீர் பல நாள் கலங்கல்தான், மேக்ரோவுக்கு அது தடையில்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். கொஞ்சம் கை பழகிய பிறகு சேமித்து வைத்து ஒருமுறை சபாவுக்குப் போங்கள். தாவாவ் வரை விமானம், செம்பூர்ணா வரை வேன், அங்கிருந்து மாபுல், கப்பாலாய். சிப்பாடானுக்கு ஆமையும் பாரகூடாக் கூட்டமும் பார்க்கத்தான் போக வேண்டும், மேக்ரோ லென்ஸோடு போனால் அந்த இடத்தின் அருமை தெரியாமல் திரும்புவீர்கள். மாபுலில் மணல், குப்பைக்கட்டை, பழைய எண்ணெய் மேடையின் தூண்கள் என்று பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும் இடங்களில்தான் ஃபிராக்ஃபிஷ், மாண்டிஸ் இறால், ஃபிளம்போயன்ட் கணவாய் எல்லாம் இருக்கின்றன.

கேமரா, விளக்கு

தொடக்கத்துக்கு ஒலிம்பஸ் டிஜி-6 அல்லது ஓஎம் சிஸ்டம் டிஜி-7 போதும், தாராளமாகப் போதும். அதில் மைக்ரோஸ்கோப் மோடு என்று ஒன்று உண்டு, லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் இருப்பதையும் ஃபோகஸ் செய்யும். கேமரா தனியாக 15 மீட்டர் வரை தாங்கும் என்றுதான் கம்பெனி சொல்கிறது, ஆகவே டைவிங்குக்கு ஹவுசிங் கட்டாயம், கம்பெனி ஹவுசிங்கில் 45 மீட்டர் வரை போகலாம். முழு மேனுவல் மோடு அதில் இல்லை, லென்ஸ் துளையின் அளவை மட்டும் நாம் வைக்கிற அப்பெர்ச்சர் பிரயாரிட்டிதான் உண்டு. அது ஒரு குறைதான், ஆனால் பழகுகிற காலத்தில் உங்களைத் தடுக்கிற குறை இல்லை. ரா ஃபைலில் எடுங்கள், நிறத்தைப் பிறகு சரிசெய்ய இடம் இருக்கும்.

ஏற்கெனவே மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் அதற்கு ஹவுசிங் வாங்கலாம், ஹவுசிங் விலை கேமராவையே மிஞ்சிவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஃபுல் ஃபிரேமில் 90, 100, 105 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 60, இவைதான் வழக்கம். போர்ட், அதாவது லென்ஸுக்கு முன்னால் ஹவுசிங்கில் இருக்கிற கண்ணாடி, தட்டையானதாக இருக்கட்டும், தண்ணீரில் ஒளி வளைவதால் தட்டைக் கண்ணாடி வழியாகப் பொருள் கொஞ்சம் பெரிதாகவே தெரியும், மேக்ரோவுக்கு அது லாபம். இன்னும் பெரிதாக்க முன்னால் மாட்டுகிற டயாப்டர், வெட் லென்ஸ் எல்லாம் இரண்டாம் வருடத்துக் கதை.

கேமராவுக்கு அடுத்த காசு விளக்குக்குப் போகட்டும். ஒரே ஒரு ஸ்ட்ரோப் (தண்ணீருக்கடியில் பயன்படுத்துகிற ஃபிளாஷ்), அதைத் தாங்க ஒரு வளைகிற கை, கேமராவோடு இணைக்க ஒரு ஃபைபர் ஆப்டிக் கேபிள். வீடியோ லைட்டை வைத்தும் எடுக்கலாம், கண்ணால் பார்க்கிற வெளிச்சமே படத்தில் வருவதால் புதியவர்களுக்குப் புரிந்துகொள்ள எளிது, ஆனால் ஸ்ட்ரோப்பின் வெளிச்சம் நொடியில் மிகச் சிறிய பகுதி நேரம்தான் இருக்கும் என்பதால் அசைவு எல்லாம் உறைந்து நிற்கும், அந்தத் தெளிவு வீடியோ லைட்டில் வராது. கூடவே ஒரு சின்ன டார்ச்சும் வேண்டும், இருட்டில் கேமரா ஃபோகஸ் தேடித் திணறாமல் இருக்க.

மேனுவல் உள்ள கேமராவில் தொடக்க செட்டிங் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/200, அப்பெர்ச்சர் எஃப் 16 பக்கம், சின்ன சென்சாராக இருந்தால் எஃப் 8 முதல் எஃப் 11. இந்த செட்டிங்கில் கடலின் வெளிச்சம் படத்தில் ஏறவே ஏறாது, ஸ்ட்ரோப் தொட்டது மட்டும்தான் தெரியும். படம் இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவைத் தொடாதீர்கள், ஸ்ட்ரோப்பின் பவரைக் கூட்டுங்கள். பொருளுக்குப் பின்னால் பாறை இல்லாமல் வெறும் தண்ணீர் இருக்கிற மாதிரி கோணம் பிடித்தால் பின்னணி முழுக்கக் கறுப்பாகிவிடும். பலர் இது ஏதோ கணினி வேலை என்று நினைக்கிறார்கள், கோணம் மட்டும்தான்.

ஸ்ட்ரோப்பை போர்ட்டுக்குப் பக்கத்திலேயே, கண்ணாடிக்குக் கொஞ்சம் பின்னால், லேசாக வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவில் உள்ள தண்ணீரில் வெளிச்சம் விழுந்தால் அதில் மிதக்கிற துகளெல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சிடும், வெளிச்சத்தின் ஓரம் மட்டும் பொருளில் படுகிற மாதிரி வைத்தால் பாதி தொல்லை போய்விடும். தண்ணீருக்கு அடியில் போய் இதையெல்லாம் கண்டுபிடிக்க வேண்டாம், வீட்டுக் குளியலறையிலேயே திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

கிட்டப் போவது

இந்தப் பகுதிதான் முக்கியம், மற்றதெல்லாம் வாங்கிவிடலாம்.

இறங்கும் முன்பே கைடிடம் பேசிவிடுங்கள். "பாங், நூடி அடா? பெலான்-பெலான் போலே?" என்று கேட்டால் போதும், நீங்கள் சுற்றிப் பார்க்க வந்தவர் இல்லை, மெதுவாகப் போக வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். தினமும் அதே பாறையைப் பார்க்கிற அந்தக் கண்ணுக்குத் தெரிவது நமக்குத் தெரியாது. கூட வருகிற டைவ் துணையும் (பட்டி என்பார்கள்) படமெடுப்பவராக இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஒரே இடத்தில் இருபது நிமிடம் நிற்பதைப் பார்த்து அவருக்குச் சலித்துவிடும்.

நீங்களே தேட வேண்டுமானால் சாப்பாட்டைத் தேடுங்கள். நூடிபிராங்க் வகைகள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட உணவைத்தான் தின்னும், பல கடற்பஞ்சைத் தின்பவை, மெல்லிய முடி முடியாக நீட்டிக்கொண்டிருப்பவை பல ஹைட்ராய்டைத் (செடி மாதிரி தெரிகிற சின்னக் கடல் உயிர்) தின்பவை. கடற்பஞ்சு படர்ந்த பாறையின் நிழல் பக்கத்தை மெதுவாக, அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். கடல் சாமந்தி (அனிமோனி) கண்ணில் பட்டால் கோமாளி மீனோடு நின்றுவிடாதீர்கள், அதன் விளிம்பில் பீங்கான் நண்டும் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற இறாலும் இருக்கும்.

கண்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே பாய வேண்டாம். ஒரு மீட்டர் தள்ளி நின்று முதலில் ஒரு படம் எடுத்து வெளிச்சத்தைச் சரிபார்த்துவிடுங்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். முகத்தில் நீரோட்டம் படுகிற மாதிரி நெருங்கினால் நீங்கள் கிளப்புகிற மணல் உங்களுக்குப் பின்னால் போய்விடும், எதிர்ப்பக்கமாக வந்தால் அது நேராக உங்கள் படத்துக்குள்தான் வரும். தலை கீழாக, ஃபின் மேலாக, உடம்பைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். விரல் ஊன்றியே ஆக வேண்டும் என்றால் வெறும் மணலிலோ செத்த பாறையிலோ ஒரு விரல் நுனி மட்டும், அதுவும் அங்கே என்ன இருக்கிறது என்று நன்றாகப் பார்த்துவிட்டு. விஷ முள் உள்ள கல்மீன் பாறை மாதிரியேதான் இருக்கும். கையுறை போடாதீர்கள், கையுறை போட்டவர் எதையும் தயங்காமல் பிடித்துவிடுகிறார்.

மூச்சை மட்டும் ஒருபோதும் அடக்காதீர்கள். ஸ்கூபாவின் முதல் பாடமே அதுதான், அடக்கிய மூச்சோடு ஒரு மீட்டர் ஏறினாலும் நுரையீரலுக்கு ஆபத்து. மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே, அந்த நிதானத்தில் ஷட்டரை அழுத்துங்கள். அலை முன்னும் பின்னும் ஆட்டுகிற இடமாக இருந்தால் அதோடு சண்டை போடாதீர்கள், ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் தண்ணீர் ஒரு கணம் நிற்கும், படம் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. ஆட்டோஃபோகஸ் தேடிக்கொண்டே இருந்தால் ஒரு தூரத்தில் அதைப் பூட்டிவிட்டு, கேமராவை நூலளவு முன்னே பின்னே நகர்த்தி, தெளிவு வருகிற நொடியில் இரண்டு மூன்று படம் தொடர்ந்து அழுத்துங்கள். இந்த நெருக்கத்தில் தெளிவாக இருக்கிற பகுதி சில மில்லிமீட்டர்தான்.

அந்தச் சில மில்லிமீட்டரை எங்கே வைப்பது? மீனுக்கும் இறாலுக்கும் கண்ணில். நூடிபிராங்குக்குத் தலையில் இருக்கிற இரண்டு கொம்புகளில், ரைனோஃபோர் என்பார்கள், தண்ணீரில் கரைந்திருப்பதை மோப்பம் பிடிக்கிற உறுப்பு அது. மேலிருந்து எடுக்காதீர்கள், மேலிருந்து எடுத்தால் எல்லாமே தரையில் ஒட்டிய கறை மாதிரிதான் இருக்கும். அதன் மட்டத்துக்கு இறங்கி, முடிந்தால் இன்னும் கொஞ்சம் கீழிருந்து, முகத்துக்கு நேராக எடுங்கள். நூடிபிராங்க் ஊர்ந்துகொண்டே ஒரு பாறையின் விளிம்புக்கு வரும், அடுத்துப் போக இடமில்லாதபோது முன்னுடம்பைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடும். அதன் போக்கைப் பார்த்து, விளிம்பில் முன்னாலேயே போய்க் காத்திருந்தால் அந்தப் படம் உங்களுக்குக் கிடைக்கும். பலவற்றுக்கு முதுகின் பின்பக்கத்தில் செவுள் கொத்தாக விரிந்திருக்கும். அது சட்டென்று உள்ளே போய்விட்டால் உங்களால் அதற்குத் தொந்தரவு என்று அர்த்தம், பின்வாங்கி நின்று மறுபடி விரியும் வரை விடுங்கள்.

கோமாளி மீன்தான் பழக மிக நல்ல ஆசிரியர் என்பேன், பெர்ஹெந்தியானிலும் தியோமானிலும் எங்கும் இருக்கிறது, ஓடிப்போகாது. ஓயாமல் ஆடுகிற மாதிரி தெரியும், ஆனால் ஒரு நிமிடம் படமெடுக்காமல் பார்த்தால் அதே வட்டத்தில்தான் சுற்றுகிறது என்பது புரியும். துரத்தாதீர்கள், அது திரும்பி வருகிற இடத்தில் ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருங்கள். சாமந்தியின் அடியில் பாறையில் முட்டைகள் ஒட்டியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். புதிதாக இட்டவை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பொரிக்கப் போகிற முட்டையில் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண்கள் பளபளக்கும். ஆண் மீன் வந்து வாயாலும் செட்டையாலும் அவற்றுக்குத் தண்ணீர் விசிறிவிட்டுப் போகும். ஒரு முழு டைவை இந்த ஒரே இடத்தில் செலவழியுங்கள். பத்து உயிரை ஒவ்வொரு படம் எடுத்தவரைவிட ஒரே உயிரோடு நாற்பது நிமிடம் இருந்தவருக்குத்தான் படம் இருக்கும்.

எந்த உயிரையும் படத்துக்காகக் குச்சியால் தள்ளி நல்ல இடத்தில் வைக்காதீர்கள், கைடு செய்தாலும் வேண்டாம் என்று சைகை காட்டுங்கள். 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஃபிளாஷால் கடற்குதிரையின் கண்ணுக்குச் சேதம் தென்படவில்லை, தொட்டு நகர்த்துவதுதான் இந்த உயிர்களை அதிகம் பாதித்தது. அதற்காகப் பிக்மி கடற்குதிரையின் மேல் நூறு ஃபிளாஷ் அடிக்கலாம் என்று ஆகாது. நாலைந்து படத்தோடு அடுத்தவருக்கு இடம் விடுங்கள், அது ஒட்டியிருக்கிற கடல்விசிறியில் உங்கள் ஹோஸ் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீல வளைய ஆக்டோபஸ் அழகானது, அதன் கடி ஆளைக் கொல்லக்கூடியது, அதைப் பற்றி அவ்வளவுதான்.

எடுத்து முடிந்ததும் அப்படியே திரும்பிக் காலை உதைத்துக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் மூச்சை இழுத்து அரை மீட்டர் மேலே எழும்பி, பின்னால் நகர்ந்து, அப்புறம்தான் திரும்ப வேண்டும். பின்னால் போகிற கிக் எதற்கு என்று மேலே சொன்னது இதற்குத்தான். உங்களுக்குப் பின்னால் காத்திருப்பவருக்கு மணல் மேகம் மிஞ்சக் கூடாது.

கேமராத் திரையில் கண் இருக்கும்போது டேங்கின் காற்றைக் காட்டுகிற மானோமீட்டரில் கண் இருக்காது. ஐந்து படத்துக்கு ஒருமுறை காற்றையும், டைவ் கம்ப்யூட்டரில் நோ-டெகோ நேரத்தையும் (இடையில் நின்று நின்று ஏற வேண்டிய கட்டாயம் வராமல் அந்த ஆழத்தில் இருக்கக்கூடிய நேரம்) பார்ப்பது கைப்பழக்கமாக வேண்டும். மேக்ரோவுக்கு 25 மீட்டருக்குப் போக வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது, 8 முதல் 12 மீட்டரில் காற்றும் நிற்கும், நேரமும் கிடைக்கும்.

கரைக்கு வந்த பிறகு

ஹவுசிங்கைத் திறக்கும் முன் நல்ல தண்ணீரில் அரை மணி நேரமாவது ஊறவையுங்கள், ஊறும்போதே பட்டன்களையெல்லாம் அழுத்திவிடுங்கள், உள்ளே நிற்கிற உப்பு கரையட்டும். ஹவுசிங் மூடியை இறுக்குகிற ரப்பர் வளையமான ஓ-ரிங்கை விரலால் தடவிப் பாருங்கள், ஒரு தலைமுடி போதும் தண்ணீர் உள்ளே வர. சிலிக்கான் கிரீஸ் பளபளப்பு வருகிற அளவுக்கு மட்டும், அப்பி வைத்தால் மணலைத்தான் பிடிக்கும். புதிய ஹவுசிங்கை முதல் முறை கேமரா இல்லாமல், ஒரு டிஷ்யூவை உள்ளே போட்டு இறக்கிப் பாருங்கள். மூடுவதை ஏர்கான் அறையில் செய்யுங்கள். வெளியே நம் ஊர் ஈரக்காற்றில் மூடினால் கீழே குளிர்ந்ததும் கண்ணாடியில் உள்ளே பனி பிடித்துக்கொள்ளும், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதும் நல்லது.

சபாவிலிருந்து திரும்புவதாக இருந்தால், பல டைவ் செய்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். அந்தக் காத்திருப்பு நேரத்தில் படங்களைப் பிரித்தெடுங்கள். கண் தெளிவாக இல்லாத படத்தை யோசிக்காமல் அழித்துவிடுங்கள். மிஞ்சுவதில் இடம், தேதி, ஆழம் எழுதி உயிரினப் படங்களைப் பகிர்கிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் என்ன இனம் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். பெயர் தெரிந்துவிட்டால் அது எதைத் தின்னும் என்று தேடிப் படிக்கலாம், அடுத்த முறை எந்தப் பாறையில் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டே இறங்கலாம்.